அல்ஸ்டருக்கு ஒரு வரி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி விவாத மேடையில் ஐரிஷ் தேசியவாதக் கட்சித் தலைவர் ஜான் ரெட்மண்டைப் பற்றிப் பேசப் போகிறேன். தாத்தாவின் சகோதரர், அப்பா, தம்பி, மகன் என்று வீட்டில் எல்லோருமே எம்.பி. நம்மூர் வாரிசு அரசியல்தானே இதுவும்? 1914 செப்டம்பர் 18 அன்று அயர்லாந்து ஹோம் ரூல் (சுயாட்சி) மசோதாவுக்கு மன்னர் ஒப்புதல் கிடைக்கிறது. இரண்டே நாளில் வுட்டன்பிரிட்ஜில் நின்று, பிரிட்டனின் போருக்குப் போங்கள் என்று இளைஞர்களிடம் சொல்கிறார். அவர் ஏமாளியா, துரோகியா? இன்னொன்று: மசோதாவில் ஒரே ஒரு வரி சேர்த்து, ஹோம் ரூலை எதிர்த்த வடக்கு மாகாணமான அல்ஸ்டர்காரர்களுக்கு விலக்கு கொடுத்திருந்தால் சண்டையே வந்திருக்காதே? சென்னை காங்கிரஸுக்குத் தலைமை வகித்த ஆல்ஃபிரட் வெப் இவருடைய கட்சிக்காரர் என்பதையும் சொல்ல நினைக்கிறேன்.

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள தம்பிக்கு,

வாரிசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 1880இல் அப்பா இறந்ததும் காலியான வெக்ஸ்ஃபோர்டு தொகுதியை அப்போதைய கட்சித் தலைவர் பார்னல் ரெட்மண்டுக்குக் கொடுக்கவில்லை, டிம் ஹீலிக்குக் கொடுத்தார். ரெட்மண்ட் அப்போது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான காமன்ஸ் சபையில் குமாஸ்தா. இரண்டு மாதம் கழித்து நியூ ராஸ் தொகுதி கிடைத்தது. சபைக்குள் வந்த வேகத்திலேயே, 1881 பிப்ரவரி 3 அன்று வெளியேற்றப்பட்ட 36 ஐரிஷ் உறுப்பினர்களில் அவரும் ஒருவர். குடும்பப் பெயர் உதவியிருக்கும், யார் இல்லையென்றது? ஆனால் கட்சி பிளந்து பார்னல் வீழ்ந்த பிறகு, அவர் பக்கம் நின்ற சிறுபான்மை அணியைச் சுமார் 10 வருடம் கட்டி இழுத்து, 1900இல் மீண்டும் ஒன்றுசேர்ந்த கட்சிக்கே தலைவரானதற்கு அப்பா பெயர் போதாது. அந்தக் குமாஸ்தா வேலையை மட்டும் மறக்காதீர்கள், பின்னால் வரும்.

'ஒரே ஒரு வரி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். சில நாட்களாக 1911ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ரெட்மண்டைத் திட்டுகிறவர்களும் சரி, புகழ்கிறவர்களும் சரி, அதைப் படிப்பதேயில்லை. நீங்களும் படிக்கவில்லை. படித்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

மேல்சபையான பிரபுக்கள் சபை எந்த மசோதாவையும் நிரந்தரமாகக் கொன்றுவிட முடியும் என்ற நிலையை உடைத்தது அந்தச் சட்டம். 1910இல் நடந்த இரண்டு தேர்தல்களிலும் ஆளும் லிபரல்களும், ஹோம் ரூலை எதிர்த்த யூனியனிஸ்டுகளும் ஏறத்தாழ சமபலத்தில் வந்தார்கள். 70க்கு மேற்பட்ட ஐரிஷ் ஓட்டுகளைக் கையில் வைத்திருந்த ரெட்மண்ட், பிரபுக்களின் அதிகாரத்தை வெட்டாவிட்டால் பட்ஜெட்டுக்கு ஓட்டு இல்லை என்று நின்றார். வெட்டினார்கள். கிடைத்த ஏற்பாடு இது: ஒரு மசோதாவைக் காமன்ஸ் சபை அடுத்தடுத்து மூன்று கூட்டத்தொடர்களில் நிறைவேற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் தொடர் முடிய ஒரு மாதத்துக்கு முன்பாவது பிரபுக்களுக்கு அனுப்ப வேண்டும். முதல் தொடரின் இரண்டாம் வாசிப்புக்கும் (மசோதாவின் அடிப்படைக்குச் சபை ஒப்புதல் தரும் கட்டம்) மூன்றாம் தொடரில் காமன்ஸ் நிறைவேற்றும் நாளுக்கும் நடுவே இரண்டு ஆண்டு ஓடியிருக்க வேண்டும். இதெல்லாம் நடந்தால், பிரபுக்கள் மறுத்தாலும் மசோதா மன்னரிடம் போகும்.

ஹோம் ரூல் மசோதாவின் இரண்டாம் வாசிப்பு 1912 மே 9. காமன்ஸ் மூன்றாம் முறை நிறைவேற்றியது 1914 மே 25. சட்டம் கேட்ட இரண்டு ஆண்டுக்கு மேல் 16 நாள்தான் மிச்சம். நடுவில் பிரபுக்கள் 1913 ஜனவரியில் 326க்கு 69 என்றும், ஜூலையில் 302க்கு 64 என்றும் தள்ளுபடி செய்தார்கள். ஒவ்வொரு படியையும் நாள் கணக்குப் பார்த்து நகர்த்தியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். மூன்று தொடரிலும் போவது அதே மசோதாவாக இருக்க வேண்டும். காலம் கடந்ததால் மாற்றியே ஆக வேண்டிய தேதி போன்றவற்றைத் திருத்தலாம், பிரபுக்களும் ஒத்துக்கொண்ட திருத்தங்களைச் சேர்க்கலாம். அவ்வளவுதான். காமன்ஸ் தன்னிச்சையாக இரண்டாம் தொடரிலோ மூன்றாம் தொடரிலோ அல்ஸ்டருக்கு ஒரு வரி சேர்த்தால் அது புது மசோதா. கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும். 1914 வசந்தத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் 1916இல்தான் முடியும். ஆனால் அந்தச் சபையின் 5 ஆண்டு ஆயுள் 1916 தொடக்கத்தில் தீர்ந்துவிடும், அதற்குள் தேர்தல். லிபரல்கள் தோற்றால் எல்லாம் போச்சு.

ஆக, வரி சேர்க்கக்கூடிய வாசல் திறந்திருந்தது முதல் தொடரில் மட்டும். 1912 ஜூனில் ஆகர்-ராபர்ட்ஸ் என்ற லிபரல் உறுப்பினர், புராட்டஸ்டண்டுகள் பெரும்பான்மையாக இருந்த ஆன்ட்ரிம், டவுன், ஆர்மா, லண்டன்டெரி ஆகிய நான்கு கவுண்டிகளை (மாவட்டங்களை) விலக்கும் திருத்தம் கொண்டுவந்தார். அரசாங்கமும் ரெட்மண்டும் எதிர்த்தார்கள், தோற்றது. ரெட்மண்ட் செய்த பிழை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள், வுட்டன்பிரிட்ஜைச் சொல்லாதீர்கள். சபையின் நடைமுறையைக் குமாஸ்தா மேசையிலிருந்தே கற்ற மனிதர் அந்தக் கடிகாரத்தை அளவுக்கு மீறி நம்பினார். தான் காத்திருக்கும் இரண்டு ஆண்டு எதிரிக்கும் அதே இரண்டு ஆண்டு என்பது உறைக்கவில்லை. 1912 செப்டம்பரில் ஹோம் ரூலை எதிர்க்கும் அல்ஸ்டர் உறுதிமொழியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் கையெழுத்திட்டார்கள். 1914 மார்ச்சில் அயர்லாந்திலிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் கர்ராக் முகாம் குதிரைப்படை அதிகாரிகள், அல்ஸ்டர் மேல் போவதைவிட வேலையை விடுவோம் என்றார்கள். ஏப்ரலில் லார்ன் உள்ளிட்ட துறைமுகங்களில் அல்ஸ்டர் எதிர்ப்பாளர்களுக்காகச் சுமார் 25,000 துப்பாக்கிகள் இறங்கின, போலீஸ் வேடிக்கை பார்த்தது. ரெட்மண்டுக்கோ அச்சிட்ட மசோதாவில் காற்புள்ளியைக்கூட நகர்த்த முடியாது.

மசோதாவைத் தொட முடியாததால், வெளியே தனியாக ஒரு திருத்த மசோதா கொண்டுவர வேண்டியதாயிற்று. விரும்பும் கவுண்டி ஓட்டுப் போட்டு 6 ஆண்டு விலகி நிற்கலாம். ஏன் 6? அதற்குள் இரண்டு பொதுத்தேர்தல் வந்துவிடும், லண்டனில் ஆட்சி மாறினால் முடிவும் மாறலாம். ரெட்மண்ட் 3 ஆண்டில் தொடங்கி, 5 என்று இறங்கி, 6க்குப் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். அல்ஸ்டர் யூனியனிஸ்டுகளின் தலைவர் கார்சன் இதை 6 ஆண்டு ஒத்திவைத்த மரண தண்டனை என்றார். பிரபுக்கள் அதை எடுத்து, அல்ஸ்டரின் ஒன்பது கவுண்டிக்கும் நிரந்தர விலக்கு என்று மாற்றிவிட்டார்கள். மன்னரின் அரண்மனையில் ஜூலை 21 முதல் 24 வரை இரு தரப்புத் தலைவர்கள் எட்டுப் பேர் பேசினார்கள். டைரோன், ஃபெர்மனா என்ற இரண்டு கவுண்டிகளைத் தாண்ட முடியவில்லை. இரண்டிலும் கத்தோலிக்கர்கள் மெல்லிய பெரும்பான்மை, ஊருக்கு ஊர் கலந்து கிடந்தார்கள். வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் ஒரு வரியை எழுதிப் பாருங்கள் தம்பி, கோடு எந்த வயல் வழியாகப் போகிறதென்று சொல்லுங்கள்.

துரோகியா என்றீர்கள். ஹோம் ரூல் சட்டத்தோடு கூடவே, போர் முடியும்வரை அதை நிறுத்திவைக்கும் இன்னொரு சட்டமும் அதே நாளில் ஒப்புதல் பெற்றது, அதை உங்கள் கடிதம் விட்டுவிட்டது. அல்ஸ்டர்காரர்களும் தன் ஆட்களும் ஒரே பதுங்குகுழியில் நின்றால் அந்தக் கோடு அழியும் என்று ரெட்மண்ட் கணக்குப் போட்டார். கணக்கு தப்பியது. ஆனால் ஊரான் பிள்ளையை மட்டும் அனுப்பியவரில்லை. தம்பி வில்லி 56 வயதில் 1917 ஜூன் 7 அன்று பெல்ஜியத்தின் மெசீன்ஸ் போர்க்களத்தில் இறந்தார், மகனும் போர்முனையில் இருந்தார். காலியான வில்லியின் கிழக்கு கிளேர் தொகுதியில், ரெட்மண்ட் கட்சியை எதிர்த்த சின் ஃபெய்ன் கட்சியின் டி வலேரா 5,010க்கு 2,035 என்று ஜெயித்தார். இதைச் சொல்லாமல் 'துரோகி' என்று மேடையில் முழங்கினால் கைதட்டு கிடைக்கும், அவ்வளவுதான்.

வெப் விஷயம். 1894 டிசம்பரில் சென்னை காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர் அவர்தான், சரி. ஆனால் அப்போது மேற்கு வாட்டர்ஃபோர்டு எம்.பி.யான வெப் இருந்தது பார்னல் எதிர்ப்பு அணியில். பக்கத்து வாட்டர்ஃபோர்டு நகரத் தொகுதியின் ரெட்மண்ட் பார்னல் அணியின் தலைவர். எதிரெதிர் முகாம். அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள்.

அன்புடன்