ஒர்க்‌ஷாப் பதில்கள்: நரேன் எந்த வண்டியையும் ஓட்டுவார்

கேள்வி: நரேன் கார்த்திகேயன் என்றாலே 2005-ல் ஃபார்முலா ஒன்னில் நான்காவதாக வந்ததைத்தான் சொல்கிறார்கள். அன்று ஓடியதே ஆறு கார்தான் என்று என் மகன் கிண்டல் செய்கிறான். அவன் சொல்வது சரிதானா சார்?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: கணக்கு சரிதான். அமெரிக்காவின் இண்டியானபோலிஸில் அன்று மிஷெலின் டயர் போட்டிருந்த 7 அணிகள், 13-வது வளைவில் டயர் தாங்காது என்று ரேஸ் தொடங்கும் முன்பே காரை உள்ளே கொண்டுபோய்விட்டன. மிஞ்சியது இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. ஜோர்டானில் இருந்த நரேனுக்கு நான்காம் இடம், 5 புள்ளி. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் உங்கள் மகனிடம் வேறொன்றைக் கேளுங்கள். 2011-ல் ஹிஸ்பானியா அணி சீசன் பாதியில் நரேனை இறக்கிவிட்டு, அந்த சீட்டை டேனியல் ரிக்கியார்டோவுக்குக் கொடுத்தது. அக்டோபரில் நொய்டா பக்கத்தில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீக்கு மட்டும் நரேன் திரும்பி வந்தார். நரேன் 17-வது இடம், அதே அணியின் ரிக்கியார்டோ 18-வது. பின்னாளில் 8 கிராண்ட் பிரீ ஜெயித்த ஆள் அந்த ரிக்கியார்டோ! ஓட்டியது அந்த சீசனின் மிக மந்தமான கார்களில் ஒன்று என்பதால், 17 என்ற நம்பரை யாரும் கவனிக்கவில்லை.

முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவன் என்ற முறையில் நான் பார்ப்பது, ஒருவர் எத்தனை விதமான வண்டியில் உட்கார முடிகிறது என்பதை. 2010-ல் நரேன் அமெரிக்காவில் நாஸ்கார் டிரக் ரேஸுக்குப் போனார். ஃபார்முலா காரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எடை, மேலே கூரை, பக்கத்து வண்டி உரசிக்கொண்டே வரும். முதல் ரேஸ் மார்ட்டின்ஸ்வில். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்கூட வராத குட்டி ஓவல் டிராக். பிரேக் கொதித்துப்போகும் இடம். அங்கே 13-வதாக முடித்தார். அந்த வருஷம் ரசிகர்கள் போட்ட ஓட்டில் மிகப் பிரபலமான டிரைவர் விருதும் அவருக்குத்தான் போனது.

அவர் ஓட்டியதில் எனக்குப் பிடித்தது 2019 நவம்பரில் ஜப்பானின் ஃபுஜி டிராக்கில் நடந்த ரேஸ். ஜப்பானின் சூப்பர் ஜிடி ரேஸ் தொடரின் கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் தொடரின் கார்களும் ஒரே டிராக்கில் மோதிய ‘டிரீம் ரேஸ்’. இரண்டாம் ரேஸில் நகாஜிமா அணியின் ஹோண்டா என்எஸ்எக்ஸில் நரேன் முதலிடம். அப்போது அவருக்கு வயது 42. நம் ஊரில் இதைப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு.

கேள்வி: நரேனின் அப்பாவும் ரேஸ்காரராமே? எல்லாம் ரத்தத்திலேயே வருவதா?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன். தென்னிந்திய ராலியை 7 முறை ஜெயித்தவர். ரத்தம் என்பதைவிட வீடு என்று சொல்லுங்கள் தங்கச்சி. ராலிக்குத் தயாராகும் காரைப் பார்த்து வளரும் பையனுக்கு, இன்ஜின் சத்தத்திலேயே பாதி பாடம் முடிந்துவிடும். போதாததற்கு ஊர் கோயம்புத்தூர். மாருதி இன்ஜினை வைத்து மலிவாக ஒற்றை சீட் ரேஸ் கார் செய்த கரிவர்தன் அங்கேதான் இருந்தார். செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான். நரேனின் ஆரம்ப ரேஸ்கள் ஸ்ரீபெரும்புதூரில், அந்த ஃபார்முலா மாருதியில்தான். அப்புறம் 1992-ல் பிரான்ஸில் வின்ஃபீல்ட் ரேஸ் பள்ளி, 1996-ல் ஃபார்முலா ஏஷியா சாம்பியன். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அவர்.

ஆனால் இப்படி விதவிதமாக ஓட்டியதை வெறும் ஆசை என்று நினைக்காதீர்கள். ஃபார்முலா ஒன்னில் சீட் கிடைக்க ஸ்பான்சர் வேண்டும். அது இல்லாத வருஷம் வீட்டில் உட்காராமல், எந்த சீட் கிடைத்ததோ அதில் ஏறினார்.

கேள்வி: லே மான் 24 மணி நேர ரேஸ் ஓட்டியிருக்கிறாரா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: 2009-ல் கோலஸ் அணியின் டீசல் ஆடி காரில் பெயர் கொடுத்து, தகுதிச் சுற்றெல்லாம் முடித்து, ரேஸ் தொடங்கும் முன் பிட் சுவரைத் தாண்டிக் குதிக்கையில் விழுந்து தோள்பட்டை நழுவிவிட்டது. அதே காரின் மற்ற இரண்டு டிரைவர்களே 24 மணி நேரமும் மாறி மாறி ஓட்டி ஏழாவதாக வந்தார்கள்.