கிளினிக் கொப்பியில் "அப்டக்ஷன் 80" என்று எழுதினால் என்ன அர்த்தம்?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கொழுந்து பறிக்கும் அவருடைய அம்மாவுக்கு 49 வயது, நாலு மாதமாக வலது தோள் வலி. கிளினிக் கொப்பியில் "அப்டக்ஷன் 80, எக்ஸ்டெர்னல் ரொட்டேஷன் 15, பேசிவும் அப்படியே" என்று இருக்கிறதாம். அப்பியாசத் தாளில் "சுபைன்" என்று ஒரு சொல். "80 வீதம் சுகமாகிவிட்டதா? எக்ஸ்ரேயைப் பிடித்துப் பார்த்தால் தோள் இடது பக்கம் தெரிகிறது, மாற்றி எடுத்துவிட்டார்களா?" என்று கேட்கிறார்.

முதலில் எக்ஸ்ரே. மாற்றி எடுக்கவில்லை. படத்தைப் பார்க்கும்போது அம்மா உங்களுக்கு எதிரே, உங்களைப் பார்த்து நிற்கிறார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அதனால் அவருடைய வலது உங்கள் இடது பக்கம் வரும். வைத்தியத்தில் வலது இடது எப்போதும் நோயாளியுடையதுதான், பார்ப்பவருடையது அல்ல.

மற்றச் சொற்களுக்கும் இப்படி ஒரு நிலையான கணக்கு உண்டு. ஆள் நேராக நிற்கிறார், முகம் முன்னால், கைகள் உடம்போரமாகத் தொங்குகின்றன, உள்ளங்கை முன்பக்கம் திரும்பி, கட்டைவிரல் வெளியே பார்க்கிறது. அவர் கட்டிலில் படுத்திருந்தாலும் சரி, மலையில் குனிந்து நின்றாலும் சரி, சொற்களெல்லாம் இந்த நிலையை வைத்துத்தான். முன்பக்கம் அன்டீரியர், பின்பக்கம் போஸ்டீரியர். உடம்பின் நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பது மீடியல், விலகி இருப்பது லேட்டரல். அதனால்தான் முன்கையில் கட்டைவிரல் பக்கம் லேட்டரல், சுண்டுவிரல் பக்கம் மீடியல். கையைத் திருப்பி வைத்தாலும் அது மாறாது. கை கால்களில் உடம்போடு சேரும் இடத்துக்குக் கிட்ட இருப்பது ப்ராக்சிமல், தூர இருப்பது டிஸ்டல். ரேடியஸ் என்பது முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு, "டிஸ்டல் ரேடியஸ்" முறிவு என்றால் அது மணிக்கட்டுக்குக் கிட்ட முறிந்தது.

சரி, இப்போது அம்மாவின் தோள். அப்டக்ஷன் என்றால் கையைப் பக்கவாட்டில் உடம்பை விட்டு மேலே தூக்குவது. 80 என்பது பாகை. தொங்கும் கை 0, தோள் மட்டத்துக்கு நீட்டினால் 90, காதோரம் செங்குத்தாகப் போனால் 180. ஆக அம்மாவின் கை தோள் மட்டத்துக்குக்கூட வரவில்லை. எக்ஸ்டெர்னல் ரொட்டேஷன் பார்க்க, முழங்கையை விலாவோடு ஒட்டி, செங்கோணமாக மடித்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்வார்கள். ஆளுக்கு ஆள் மாறினாலும் நல்ல தோள் 60 பாகை அளவுக்குத் திரும்பும். அம்மாவுடையது 15தான்.

ஆனால் அந்தக் கொப்பியில் எனக்கு முக்கியமாகப் படுவது "பேசிவும் அப்படியே" என்பதுதான், பலர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆக்டிவ் என்றால் அம்மா தானே தூக்குவது, பேசிவ் என்றால் அம்மா கையைத் தளர்த்தி விட, வேறொருவர் தூக்குவது. தானாகத் தூக்க முடியாமல், இன்னொருவர் தூக்கினால் போகிறது என்றால் தசை, தசைநாண் அல்லது நரம்பில் சிக்கல் இருக்கலாம். இன்னொருவர் தூக்கியும் அதே இடத்தில் நிற்கிறது என்றால் மூட்டே இறுகியிருக்கிறது. வெளித்திருப்பம் இவ்வளவு குறைந்து, பேசிவும் நின்றுபோனால் முதலில் நினைவுக்கு வருவது ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள்மூட்டு இறுகிப்போகும் வருத்தம். 40 முதல் 60 வயதுக்குள், பெண்களுக்குக் கூடுதலாக வருவது அது, சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். முடிவு சொல்ல வேண்டியவர் அம்மாவை நேரில் பார்க்கும் டொக்டர்தான், ஆனாலும் இரத்தத்தில் சீனி பார்த்தாயிற்றா என்று கட்டாயம் கேளுங்கள்.

அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். கொழுந்தைக் கிள்ளும்போது வலிக்கிறதா, இல்லை பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் கூடைக்குள் போடும்போது வலிக்கிறதா? கிள்ளும்போது கை உடம்புக்கு முன்னால், தாழ்வாக இருக்கிறது, வேலை பெரும்பாலும் விரலுக்கும் மணிக்கட்டுக்கும்தான். பின்னால் போடும்போதோ கை மேலே எழும்பி வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், அதாவது கொப்பியில் குறைவு என்று எழுதியிருக்கும் அதே இரண்டு அசைவுகள். தலை வாரி, கொண்டை போடவும் அவையே வேண்டும். முதுகுக்குப் பின்னால் கொக்கி மாட்டுவது அதற்கு எதிர்ப்பக்கம், இன்டெர்னல் ரொட்டேஷன். கிளினிக்கில் "தோள் வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல் "கூடைக்குள் கொழுந்து போட முடியல, கொண்டை போட முடியல" என்று அம்மா சொன்னால், பார்ப்பவருக்கு அந்த ஒரு வாக்கியமே நிறையச் சொல்லிவிடும்.

சுபைன் என்றால் மல்லாக்கப் படுப்பது. குப்புறப் படுப்பது ப்ரோன், அது அல்ல. பெரும்பாலும் தாளில் இருப்பது இந்த அப்பியாசமாக இருக்கும்: அம்மா மல்லாந்து படுத்து, வலது முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்து (இடையில் ஒரு சுருட்டிய துவாய்), துடைப்பக்கட்டை மாதிரி நேரான குச்சியை இரண்டு கையாலும் பிடித்து, இடது கையால் மெதுவாகத் தள்ளி வலது கையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். இழுப்புத் தெரியலாம், ஆனால் குத்தும் வலி வரும்வரை தள்ளக்கூடாது. முழங்கை விலாவை விட்டு விலகினால் தோள் திரும்பாமல் கை மட்டும் நகரும், பலன் இருக்காது. பக்கத்தில் இருந்து நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். தாளில் வேறு மாதிரி இருந்தால் தாளில் உள்ளபடியே செய்யுங்கள்.

இந்த இறுக்கம் இளக மாதக்கணக்கு, சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும். இடையில் வலி முழங்கையைத் தாண்டி விரல்வரை இறங்கி விறைத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, தோள் வீங்கிச் சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். மற்றபடி ஒவ்வொரு முறையும் பழைய கொப்பியைக் கொண்டுபோய், அன்றைய இரண்டு பாகைகளையும் திகதியோடு எழுதி வாங்குங்கள். 15 என்பது 25 ஆனால் அம்மாவின் கையில் உடனே பெரிய வித்தியாசம் தெரியாவிட்டாலும் தோள் இளகத் தொடங்கிவிட்டது.