ஆஃப் சீசனில் டெல்லி போய் ஏமாந்தேன், குடியாத்தத்தில் இருந்தே வழக்கு போட முடியுமா?

கேள்வி: நான் குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்கிறேன். மே கடைசியில் டெல்லியில் கூட்டம் இருக்காது, ரூம் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினேன். பஹார்கஞ்சில் ஒரு ஓட்டலில் ஆப் மூலம் இரண்டு இரவுக்கு 3,200 ரூபாய் முன்கூட்டியே கட்டியிருந்தேன். புது டெல்லி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர், அந்தத் தெருவில் கலாட்டா, போலீஸ் அடைத்துவிட்டது, உங்கள் ஓட்டல் மூடியிருக்கிறது என்றார். நான் நம்பாததால் அவர் போனிலேயே "ஓட்டலை" கூப்பிட்டுக் கொடுத்தார். பேசியவரும் ஆமாம், இன்று வராதீர்கள் என்றார். பிறகு "அரசு அங்கீகாரம் பெற்ற சுற்றுலா தகவல் மையம்" என்று போர்டு போட்ட ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். வேறு ரூம், ஆக்ராவுக்குக் கார் எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய். 20,000 யுபிஐயில், 14,000 ரொக்கமாகக் கொடுத்தேன். சீல் போட்ட துண்டுச் சீட்டில் "34,000 முழுவதும் பெறப்பட்டது" என்று எழுதித் தந்தார்கள். ரூமில் ஏசி ஓடவில்லை. ஆக்ராவில் டிரைவர் ஒரு கடையில் கொண்டுபோய் இறக்கினார், அங்கே மனைவி 8,500 ரூபாய்க்கு, கார்டில் பணம் கட்டி, பளிங்குத் தட்டு ஒன்று வாங்கினாள். ஊருக்கு வந்து பார்த்தால் அது பளிங்கே இல்லை என்கிறார்கள். கடையில் கேட்டால் திரும்ப எடுக்க மாட்டார்களாம். டெல்லியில் நான் போட்ட ஓட்டல் அன்று திறந்துதான் இருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. பணம் கிடைக்குமா? வழக்குக்கு டெல்லிக்கு அலைய வேண்டுமா?

பதில்: அலைய வேண்டாம், வழக்கை வேலூரிலேயே போடலாம். 1986-ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டம் இருந்தவரை, எதிர்தரப்பு இருக்கும் ஊருக்கோ சம்பவம் நடந்த ஊருக்கோதான் போயாக வேண்டும். அதனாலேயே வெளியூரில் ஏமாந்தவர்கள் போனது போகட்டும் என்று விட்டுவிடுவார்கள், ஏமாற்றியவர்களுக்கும் அது நன்றாகவே தெரியும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றிவிட்டது. அதன் 34-ஆம் பிரிவின்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்தில் அல்லது தொழில் செய்யும் இடத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். 2019-இல் மாவட்டத்தைப் பிரித்த பிறகும் குடியாத்தம் வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆகவே உங்களுக்கு வேலூர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, வக்கீலான நானே இதைச் சொல்கிறேன். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், ஏனென்றால் அந்த ஆபீஸ் இரண்டு வருடம் அதே பெயரில் அங்கேயே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கேஸில் சிக்கலே அதுதான், யார் மேல் போடுவது. துண்டுச் சீட்டில் ஒரு டிராவல்ஸ் பெயர் இருக்கும், யுபிஐயில் பணம் போனது வேறு யாரோ தனி ஆளின் பெயருக்கு இருக்கும், போர்டில் மூன்றாவதாக ஒரு பெயர். பெரும்பாலும் இப்படித்தான் வைத்திருப்பார்கள். இன்றைக்கே போனை எடுத்து அந்த யுபிஐ பரிவர்த்தனையைத் திறந்து, பெற்றவர் பெயர், யுபிஐ ஐடி, பரிவர்த்தனை எண் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வங்கிக் கிளையில் கணக்கு அறிக்கையும் சீல் போட்டு வாங்கிவிடுங்கள். போனை மாற்றுவதாக இருந்தால் பழையதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள், வாட்ஸ்அப் உரையாடலையும் போட்டோவையும் சாட்சியமாகக் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வைக்க வேண்டி வரும், மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. சீட்டில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பாருங்கள். 15 எழுத்து எண்களில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், டெல்லிக்கு 07, உத்தரப் பிரதேசத்துக்கு 09, நமக்கு 33. அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் உண்மையான உரிமையாளர் பெயரும் முகவரியும் வந்துவிடும். எண்ணே இல்லாவிட்டால் சீட்டில் இருக்கும் பெயர், யுபிஐ பெற்றவர் இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். முறையான பில் தராததே நுகர்வோர் சட்டத்தில் நேர்மையற்ற வணிகம், இல்லாத அரசு அங்கீகாரத்தைக் காட்டி வியாபாரம் செய்வதும் அப்படியே. ரொக்கமாகக் கொடுத்த 14,000-க்கு ஆதாரம் அந்தத் துண்டுச் சீட்டு ஒன்றுதான், லேமினேட் செய்கிறேன் என்று அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

34,000-மும் திரும்பக் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ரூமில் தங்கினீர்கள், அந்தக் காரில் போய் வந்தீர்கள். ஆணையம் அதைக் கணக்கில் எடுக்கும். கூடுதலாகப் பிடுங்கிய தொகை, ஏசி ஓடாத குறைபாடு, உங்கள் பழைய ஓட்டலில் வீணான 3,200, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு, இவற்றைக் கேளுங்கள். அதே தேதியில் அதே தரத்து ரூம், கார் என்ன விலைக்குப் போனது என்று காட்ட முடிந்தால் உங்கள் கை ஓங்கும். மன உளைச்சலுக்கு 10 லட்சம் என்று போடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள், அப்படிப்பட்ட மனுவைப் படிப்பவருக்கு உங்கள் மற்ற கணக்கிலும் சந்தேகம் வரும்.

ஓட்டல் மூடியது என்று பொய் சொன்னது, ஓட்டல்காரர் போல ஒருவரைப் பேச வைத்தது இரண்டும் வெறும் வியாபாரத் தகராறு இல்லை, குற்றம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4) ஏமாற்றிப் பணம் பறிப்பது, 7 வருடம் வரை தண்டனை உண்டு. 319 ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது, அதற்கு 5 வருடம் வரை. "டெல்லியில் நடந்ததற்கு இங்கே எப்படி எழுதுவது, அங்கே போய்க் கொடுங்கள்" என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்னால் அமைதியாக, குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும், ஜீரோ எஃப்ஐஆர் என்று போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. வாங்க மறுத்தால் எஸ்பிக்கு எழுத்து மூலம் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் ஒன்றும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். போலீஸ் புகாரால் பணம் நேராகக் கைக்கு வராது. ஆனால் அந்த யுபிஐ கணக்குக்குப் பின்னால் இருக்கும் ஆளின் முகவரியை வங்கியிடம் கேட்டு வாங்க அவர்களால் முடியும், உங்களாலும் என்னாலும் முடியாது. நுகர்வோர் வழக்குக்கு அந்த முகவரிதான் வேண்டும்.

வங்கியில் போய்க் கேட்டால் பணம் வராதா என்று பலர் கேட்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை, மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் பொறுப்பு இல்லை என்பதெல்லாம், உங்களுக்குத் தெரியாமல் கணக்கில் இருந்து பணம் போனால்தான். நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்துக்கு அது உதவாது. அங்கேயே, அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடித்திருந்தால் பெற்றவர் கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கலாம், நேரில் நடந்தது என்பதால் சைபர் குற்றம் இல்லை என்று தட்டிக்கழிப்பவர்களும் உண்டு. இருந்தாலும் அடித்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

தட்டு விஷயம் கொஞ்சம் வேறு, உங்களுக்கு நன்றாக இருப்பதும் இதுதான். கார்டில் கட்டியிருக்கிறீர்கள், அதனால் பில்லில் பளிங்கு என்று எழுதியிருந்தால் வங்கியிடம் "சொன்ன பொருள் வேறு, கொடுத்தது வேறு" என்று சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேளுங்கள், இதற்கு நாள் கணக்கு உண்டு, இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். ஆக்ராவில் பளிங்கு என்று தள்ளிவிடுவது பல சமயம் மாக்கல், நம் ஊரில் கல்சட்டி செய்வார்களே அந்தக் கல். நகத்தாலோ காசாலோ கீறினாலே கோடு விழும். ஆனால் நீங்கள் கீறிப் பார்க்க வேண்டாம், பாட்டி புளி போட்டுத் தேய்த்துப் பார்க்கவும் வேண்டாம், அப்படியே கட்டி வையுங்கள். என்ன கல் என்பதில் தகராறு வந்தால் ஆணையமே பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது, நீங்கள் முன்கூட்டியே சேதப்படுத்திவிட்டால் கடைக்காரர் அதையே பிடித்துக்கொள்வார். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கண்டு பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் தராமல் இருப்பது, நேர்மையற்ற வணிகம்தான். இந்தக் கடை மேல் தனி மனு போடுங்கள். டெல்லி ஆபீசையும் இதையும் ஒரே மனுவில் கட்டினால் இருவரும் ஒருவரையொருவர் காட்டி நாளை இழுப்பார்கள். டிரைவருக்குக் கடை கமிஷன் கொடுத்திருக்கும் என்று எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும், நிரூபிப்பது கஷ்டம், அதை மையமாக வைக்க வேண்டாம்.

நீங்கள் முதலில் போட்ட பஹார்கஞ்ச் ஓட்டல் மேல் கோபப்படுகிறீர்கள் போலிருக்கிறது. அவர்கள் பாவம், ரூமைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். ஆஃப் சீசன் தள்ளுபடி ரேட்டில் பெரும்பாலும் "பணம் திரும்பத் தரப்படாது" என்று ஒரு வரி இருக்கும், விலை இறங்குவதற்கு ஈடாக அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நல்லவிதமாக ஒரு மெயில் போட்டுப் பாருங்கள், இறங்கி வரவும் வாய்ப்புண்டு. தராவிட்டால் அந்த 3,200-ஐ டெல்லி ஆபீஸ் கணக்கிலேயே சேர்த்துக் கேளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஆஃப் சீசனில் போவது தப்பே இல்லை, நானும் அப்படித்தான் போவேன், வேலூர் வெயிலில் வளர்ந்தவனுக்கு டெல்லி வெயில் பெரிதில்லை. ஆனால் கூட்டம் இருக்கும் மாதத்தில் நூறு பேரில் ஒருவராக நழுவிப் போய்விடலாம், கூட்டம் இல்லாதபோது ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அத்தனை பேர் கண்ணும் உங்கள் பெட்டி மேல்தான். ஓட்டல் மூடியது என்று யார் சொன்னாலும் உங்கள் போனில் இருந்து, புக்கிங் ரசீதில் உள்ள எண்ணுக்கு நீங்களே அடியுங்கள், அவர் நீட்டும் போனில் பேசாதீர்கள். டெல்லியில் மத்திய அரசின் சுற்றுலா அலுவலகம் 88, ஜன்பத்தில் இருக்கிறது, கன்னாட் பிளேஸ் சுற்றுவட்டாரத்தில் அதே மாதிரி போர்டு மாட்டிய தனியார் ஆபீஸ்கள் நிறைய. தாஜ் மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, செங்கோட்டைக்குத் திங்கள்கிழமை. வேறு நாளில் மூடியது என்றால் சந்தேகப்படுங்கள். சுற்றுலா உதவி எண் 1363 இரவும் பகலும் இயங்குகிறது, இந்தி, ஆங்கிலம் போக 10 வெளிநாட்டு மொழிகளில் பேசுவார்கள், ஜப்பானிய மொழி உண்டு, தமிழ் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம். ரூமுக்கு ஆதார் நகல் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க் செய்த ஆதாரைக் கொடுங்கள்.

டெல்லிக்காரர்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. வைத்தியத்துக்காக வங்காளத்தில் இருந்தும் ஜார்க்கண்டில் இருந்தும் வந்து காட்பாடியில் இறங்கும் குடும்பத்திடம் "அந்த லாட்ஜ் ஃபுல், இங்கே வாங்க" என்று கமிஷன் லாட்ஜுக்குத் திருப்பும் ஆட்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். வங்காளத்து மால்டாவில் இருந்து வந்த நோயாளி ஊருக்குத் திரும்பியதும் அங்கிருந்தே வேலூர் லாட்ஜ் மேல் புகார் போடலாம், உங்களுக்குச் சொன்ன அதே 34-ஆம் பிரிவுதான். லாட்ஜ் நடத்தும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். முதலில் டெல்லி ஆபீசுக்கும் ஆக்ரா கடைக்கும் தனித்தனியாக நோட்டீஸ் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை வாங்கி வையுங்கள். நோட்டீஸ் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் ஆக்ரா கடை மாதிரி நிரந்தரமாக இருக்கும் இடங்கள் பல சமயம் இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் தந்து முடித்துக்கொள்வார்கள். டெல்லி ஆபீஸ் கவரை வாங்காமல் திருப்பி அனுப்பினால் அந்தக் கவரைப் பிரிக்காமல் மனுவோடு சேருங்கள். மனு ஏற்கப்பட்டு நோட்டீஸ் போன பிறகு பதில் தர அவர்களுக்கு 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. அவர்கள் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது அவர்கள் இல்லாமலேயே தீர்ப்பு வரும், பணம் அதற்குப் பிறகும் தானாக வராது. அப்போது நுகர்வோர் சட்டத்தின் 71-ஆம் பிரிவில் நிறைவேற்று மனுவும் 72-ஆம் பிரிவில் தண்டனை மனுவும் போட வேண்டும், 72-இல் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை அல்லது 25,000-க்குக் குறையாத அபராதம் என்று இருப்பதால், வாரண்ட் போகும் வரை பதிலே சொல்லாதவர்கள் அதற்குப் பிறகு பேச வருவார்கள். ஆக்ரா கடைக்கான நோட்டீஸை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள், டெல்லி ஆபீஸ் மேல் மனு போடுவதற்கு முன் போலீஸ் புகாரைக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கி வாருங்கள்.