சிலரோ சந்தேகப்பட்டார்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஈரோட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆயர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஐயா, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். தாத்தா காலத்திலிருந்து நாங்கள் கிறிஸ்தவர்கள். போன ஆடியில் அப்பா தவறிவிட்டார். கல்லறைத் தோட்டத்தில் ஆயர், "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று வாசித்தார். எனக்குப் பெட்டி மேல் மண் விழுகிற சத்தம்தான் கேட்டது. அதற்கப்புறம் ஞாயிறு ஆராதனையில் சபையாக எல்லாரும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்கிற இடம் வந்தால் வாயை மூடிக்கொள்கிறேன். பக்கத்தில் அம்மா நிற்கிறார். கவனிக்கிறார், எதுவும் கேட்பதில்லை. ஓர் ஊழியரிடம் சொன்னதற்கு, சந்தேகம் பிசாசின் வேலை, உபவாசம் இருங்கள் என்றார். மாமா ஒருவர் இயேசுவை அடக்கம் செய்த துணி என்று வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்புகிறார். இறந்தவர் எழுந்தார் என்பதை நான் எப்படி நம்புவது? நம்பாமல் ஈஸ்டர் அன்று திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்கலாமா? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடுங்கள், தம்பி. மத்தேயு சுவிசேஷத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். உயிர்த்தெழுந்த இயேசு கலிலேயா மலையில் பதினொரு சீஷர்களுக்கு முன் நிற்கிறார். அவர்கள் பணிந்துகொண்டார்கள் என்று எழுதிவிட்டு, அதே வசனத்தில் "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று மத்தேயு சேர்க்கிறார். அந்தச் சிலரை இயேசு தனியாக ஒதுக்கவில்லை. உலகமெங்கும் போங்கள் என்ற கட்டளை அவர்களுக்கும் சேர்த்துத்தான். கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்கள் சொன்னதை அப்போஸ்தலர்கள் வீண்பேச்சு என்று தள்ளியதை லூக்கா எழுதியிருக்கிறார். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற சீஷர் தோமாவின் கதை உங்களுக்கே தெரியும். அதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நம்ப மாட்டேன் என்று சொல்லி எட்டு நாள் கழித்தும் தோமா அதே வீட்டில் மற்றவர்களோடுதான் இருக்கிறார். அவரை யாரும் வெளியே அனுப்பவில்லை, அவரும் கோபித்துக்கொண்டு கிளம்பவில்லை. நம் நாட்டுக்கு வந்தார் என்று பாரம்பரியம் சொல்வது இந்த மனிதரைத்தான். சந்தேகம் பிசாசு என்றால் அப்போஸ்தலர் பட்டியலில் பாதியை அடிக்க வேண்டிவரும்.

துணி விஷயத்தை விட்டுவிடுங்கள். இத்தாலியில் தூரின் நகரத்தில் இருக்கும் அந்தத் துணியை 1988-இல் மூன்று ஆய்வுக்கூடங்கள் கார்பன் முறையில் வயது சோதித்தன. கி.பி. 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்று முடிவு வந்தது. அந்த முடிவோடு இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். அதை வைத்திருக்கும் கத்தோலிக்கத் திருச்சபையே அது இயேசுவின் துணிதான் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கவில்லை. உங்கள் மாமாவுக்கு இருக்கிற உறுதி போப்பாண்டவருக்கு இல்லை. மாமா மேல் வருத்தப்படாதீர்கள், துக்க வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று தெரியாதவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டுவருவார்கள்.

சரி, துணி இல்லாமல் என்ன இருக்கிறது? அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதின முதல் நிருபம், அதாவது கடிதம், 15-ஆம் அதிகாரம். சுவிசேஷங்களுக்கும் முந்தியது. இயேசு சிலுவையில் மரித்தது ஏறக்குறைய கி.பி. 30 அல்லது 33. பவுல் இந்தக் கடிதத்தை எழுதியது 55 வாக்கில். நடுவில் சுமார் 25 வருஷம். உங்கள் அப்பாவின் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள் இன்றைக்கும் ஊரில் இருப்பார்கள் அல்லவா, அவ்வளவு தூரம்தான். அதில் பவுல், நான் பெற்றுக்கொண்டதையே உங்களுக்குக் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டு, உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்களின் பட்டியல் ஒன்று தருகிறார். பேதுரு, பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று ஒரு குறிப்பு. அப்புறம் ஒரு பெயர்: யாக்கோபு.

என்னை நிறுத்தி வைத்தது இந்தப் பெயர்தான். இவர் இயேசுவின் சகோதரர். இயேசு ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தபோது இவரும் மற்றச் சகோதரர்களும் அவரை நம்பவில்லை என்று யோவான் எழுதுகிறார். மாற்கு இன்னும் மோசம்: அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி, சொந்தக்காரர்களே பிடித்துக்கொண்டுபோக வந்தார்கள். சபை தன் தலைவர்களில் ஒருவருடைய குடும்பத்தைப் பற்றி இப்படி ஒரு செய்தியைக் கற்பனை செய்து எழுதிவைக்குமா? பிறகு பார்த்தால் இதே யாக்கோபு எருசலேம் சபைக்குத் தலைவராக இருக்கிறார். பவுல் அவரை நேரில் சந்தித்ததைக் கலாத்தியர் நிருபத்தில் சொல்கிறார். பேதுருவோடு 15 நாள் தங்கியிருந்த அதே பயணத்தில்தான். கி.பி. 62-இல் பிரதான ஆசாரியன் அன்னா என்பவன் யாக்கோபைக் கல்லெறிந்து கொல்லவைத்தான். இதை எழுதி வைத்தவர் யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர். அவர் கிறிஸ்தவர் இல்லை, நமக்குச் சாதகமாகப் பேச அவருக்குத் தேவையும் இல்லை.

நம் பக்கம் பங்காளிச் சண்டை உங்களுக்குத் தெரியாததா? கோபியிலும் தாராபுரத்திலும் ஊழியம் செய்த காலத்தில் வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு, வண்டித் தடம் என்று எத்தனையோ பஞ்சாயத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணன் கலெக்டரே ஆனாலும் தம்பிக்கு அவன் தன் வீட்டு அண்ணன்தான். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவனை, அதுவும் ரோமர்கள் குற்றவாளியாகச் சிலுவையில் தொங்கவிட்டவனை, ஒருவன் ஆண்டவர் என்று சொல்லி அதற்காகச் சாகவும் செய்தால், நடுவில் என்னவோ நடந்திருக்கிறது. பவுல் இதற்கு ஒரே வரிதான் எழுதுகிறார்: பின்பு யாக்கோபுக்குத் தரிசனமானார். அந்தச் சந்திப்பில் என்ன பேசினார்கள் என்று பைபிளில் எங்கேயும் இல்லை. கதை கட்டுகிறவன் இப்படிப்பட்ட இடத்தைச் சும்மா விடுவானா?

துக்கத்தில் இருப்பவர்களுக்கு இறந்தவர் தெரிவது உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. "நேத்து ராத்திரி வந்து கட்டிலண்ட நின்னாருங்க" என்று எத்தனையோ ஆத்தாக்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் சிரித்ததில்லை. ஆனால் அவர்களில் ஒருவர்கூட, அதனால் கல்லறை காலியாகிவிட்டது என்று சொன்னதில்லை. மறுநாள் பூ வாங்கிக்கொண்டு அதே கல்லறைக்குத்தான் போனார்கள். ஆவி என்ற எண்ணம் சீஷர்களுக்கும் கைவசம் இருந்தது. முதலில் ஆவியைக் காண்கிறதாகத்தான் நினைத்தார்கள் என்று லூக்காவே சொல்கிறார். பொரித்த மீனைச் சாப்பிட்டுக் காட்டியதும் அதே இடத்தில்தான். இன்னொன்று, யூதர்களில் உயிர்த்தெழுதலை நம்பியவர்கள் அதை உலக முடிவில், எல்லாருக்கும் சேர்த்து எதிர்பார்த்தார்கள். நடுவழியில் ஒருவர் மட்டும் எழுந்திருப்பார் என்பது யாருடைய ஆசையிலும் இல்லாத விஷயம்.

முரண்பாடுகள்? இருக்கின்றன. கல்லறையில் மாற்குவுக்கு ஒரு வாலிபன், லூக்காவுக்கு இரண்டு பேர். போன பெண்களின் பெயர்கள் ஒன்றுபோல் இல்லை. ஆனால் சுவிசேஷம் எழுதிய நான்கு பேரும் மகதலேனா மரியாளை விடவில்லை. பெண்களின் சாட்சியை ஏற்க வேண்டாம் என்று அதே யோசேபஸ் எழுதுகிற காலம் அது. எடுபடுகிற மாதிரி சொல்ல நினைத்திருந்தால் முதலில் பேதுருவை அனுப்பியிருப்பார்கள்.

இவ்வளவும் சேர்ந்தால் நிரூபணம் ஆகிவிடுமா? ஆகாது. சாட்சி சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு ஏதோ நேர்ந்தது என்பது வரைக்கும் சரித்திரம் கூட வரும். அதற்கப்புறம் அவர்கள் சொன்ன அந்த ஆளை நம்புகிறோமா என்பதுதான் கேள்வி. நான் நம்புகிறேன். சுவிசேஷங்களில் பார்க்கிற இயேசு இன்னும் செத்துக்கிடக்கிறார் என்று நினைப்பதுதான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருக்கிறது. இதை நான் உங்களுக்குக் கைமாற்றித் தர முடியாது. கிறிஸ்து எழுந்திராவிட்டால் நம் விசுவாசம் வீண் என்று பவுலே எழுதியிருக்கிறார். அந்த "எழுந்திராவிட்டால்" என்ற சாத்தியத்தை வாய்விட்டுச் சொல்ல அவர் பயப்படவில்லை. உபவாசம் இருக்கச் சொன்ன ஊழியர் அந்த அதிகாரத்தை மறுபடி வாசிக்கலாம்.

தம்பி, உங்கள் கடிதத்தில் இயேசுவைவிட உங்கள் அப்பாதான் அதிகம் இருக்கிறார். அதில் தப்பில்லை. இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போன இயேசு, அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் முதலில் அழுதார். ஆடியிலிருந்து நீங்கள் எங்கேயாவது நன்றாக அழுதீர்களா? கம்பெனியில் ஷிப்மென்ட் தேதி அதற்கு இடம் கொடுத்திருக்காது.

அந்த வரி வரும்போது வாய் வரவில்லையென்றால் சும்மா நில்லுங்கள். அதை உங்களுக்கும் சேர்த்துச் சொல்லத்தான் சுற்றி இத்தனை பேர் இருக்கிறார்கள். மாற்குவில், பிள்ளைக்காக வந்த ஒரு தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான். அவனுடைய பிள்ளை குணமானான். அந்த ஜெபம் போதும். அப்புறம், அம்மாவிடம் பேசிவிடுங்கள். அவரும் எந்த வரியில் வாயை மூடிக்கொள்கிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: என் லேத் பட்டறை நண்பர், உயிர்த்தெழுதல் என்பது எங்கள் மறுபிறவிதானே என்கிறார். என்ன பதில் சொல்வது? (கோவை, கணபதி வாசகர்)

பதில்: இரண்டும் வேறு. மறுபிறவியில் உயிர் வேறோர் உடலில் பிறந்து, திரும்ப வாழ்ந்து, திரும்ப இறக்கும். உயிர்த்தெழுதல் ஒருமுறை. அதே ஆள், ஆணித் தழும்போடு, இனி சாகாத ஒரு நிலையில். லாசரு எழுந்ததுகூட இந்தக் கணக்கில் சேராது, அவன் பின்னால் மறுபடி இறந்திருப்பான். நண்பரிடம் வாதம் பண்ணாதீர்கள். டீ வாங்கிக் கொடுத்து, அவர் நம்புவதை அவரையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸ் மாதிரி ஈஸ்டருக்கு ஏன் நிலையான தேதி இல்லை? (தாராபுரம் வாசகி)

பதில்: இயேசு எழுந்தது யூதர்களின் பஸ்கா பண்டிகையை ஒட்டி, பஸ்கா பௌர்ணமியை ஒட்டி. அதனால் நிலவைப் பார்த்துத்தான் தேதி. எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று கி.பி. 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் முடிவு செய்தது. மார்ச் 21-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். ஆகவே மார்ச் 22-க்கு முன்போ ஏப்ரல் 25-க்குப் பின்போ வராது. சபைக் கணக்குப் பௌர்ணமி பஞ்சாங்கத்திலிருந்து ஒரு நாள் முன்பின் இருக்கலாம். 2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் ஏப்ரல் 5. பங்குனி உத்திரமும் பெரும்பாலும் அதே பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். கொடுமுடியிலிருந்து தீர்த்தக்காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கிறவர்கள் அந்த நாட்களில் ராத்திரியெல்லாம் ரோட்டில் இருப்பார்கள். தாராபுரம் வழியாக வண்டியில் ஆராதனைக்கு வருகிறவர்கள் மெதுவாக ஓட்டுங்கள்.