வீட்டிலேயே இலக்கணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எட்டு வயது மகளுக்கு நானே வீட்டில் பாடம் சொல்லித் தருகிறேன். தமிழ் இலக்கணத்துக்கு இரண்டு நூல்கள் கையில் இருக்கின்றன. ஒன்று எழுத்திலக்கணத்தில் தொடங்கி வரிசையாகச் செல்கிறது. மற்றொன்று சிறு கதைப் பகுதிகளைத் தந்து, அவற்றிலிருந்து இலக்கணத்தைக் காட்டுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இந்த வயதுக்கு இரண்டாவது நூலே பொருத்தமானது. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் வரிசை மொழியை முழுமையாக விளக்குவதற்காக அமைந்தது. நூல்களைப் படித்துப் பழகியவர்களை மனத்தில் கொண்டது. குழந்தை மொழியைக் கற்கும் வரிசை அதுவன்று. தங்கள் மகள் பால் என்ற சொல்லையே இலக்கணப் பொருளில் கேட்டிருக்கமாட்டாள். ஆயினும் "அண்ணன் வந்தாள்" என்று ஒருநாளும் சொல்லமாட்டாள். வேற்றுமை உருபுகளையும் காலங்களையும் பேச்சில் பிழையின்றிக் கையாளுகிறாள். அவளுக்குத் தெரியாதது எழுத்து வழக்கு மட்டுமே. பேச்சில் "மாடு வந்துச்சு", "மாடுங்க வந்துச்சு" என ஒருமைக்கும் பன்மைக்கும் வினை ஒன்றாகவே நிற்கிறது. எழுதும்போதோ "மாடு வந்தது", "மாடுகள் வந்தன" என்று பிரிய வேண்டும். பேச்சும் எழுத்தும் விலகும் இத்தகைய இடங்களிலிருந்து தொடங்கும் நூலே வீட்டுக்கு உதவும்.

நூலை மதிப்பிட எளிய வழி உண்டு: வல்லினம் மிகும் (இரு சொற்களுக்கிடையே க், ச், த், ப் சேரும்) இடங்களைப் பற்றிய பாடத்தைத் திறந்து பாருங்கள். எல்லா விதிகளையும் ஒரே மூச்சில் அடுக்கியிருந்தால், அந்த நூல் தேர்வுக்குப் படிப்பவருக்காக எழுதப்பட்டது என்று கொள்ளலாம். குழந்தை தானாக எழுதும் வாக்கியங்களில் அடிக்கடி வருபவை சிலவே: "அந்தப் பையன்", "எந்தக் கதை" என்று சுட்டு, வினாச் சொற்களுக்குப் பின்னும், "பாட்டியைப் பார்த்தேன்", "தம்பிக்குக் கொடுத்தேன்" என்று ஐ, கு உருபுகளுக்குப் பின்னும் மிகுவது. இவை கைக்குப் பழகிய பிறகே, "கதையைக் கேட்டேன்" என்பதில் மிகும் வல்லினம் "கதை கேட்டேன்" என்பதில் ஏன் மிகவில்லை என்ற கேள்வியை எழுப்ப வேண்டும். உருபு மறைந்து நிற்கும் இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது என்ற விதி அப்போது ஒரு விடையாக வந்து சேரும். அதற்கு முன் சொன்னால் அது வெறும் மனப்பாடமே. இவற்றோடு, முன்பு கற்றது பின்வரும் பாடங்களில் மீண்டும் வருகிறதா என்பதையும், விடைக்குறிப்பு விடையை மட்டும் தருகிறதா, காரணத்தையும் சொல்கிறதா என்பதையும் பாருங்கள். பிள்ளை "ஏன்?" என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் தாங்கள்தானே.

கேள்வி: பயிற்சி ஏட்டில் என் மகன் எல்லாவற்றையும் சரியாக நிரப்பிவிடுகிறான். ஆனால் சொந்தமாக ஒரு பக்கம் எழுதச் சொன்னால் அதே பிழைகள் வருகின்றன. பாடத்திட்டத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: நூலை மாற்றினாலும் இந்தக் குறை மாறாது. கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி, எங்கே பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. சொந்தமாக எழுதும்போது அந்த இடத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு திறன்கள். நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களின் எழுத்துத் திறனைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் இருவரும் 2007இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே காட்டுகிறது. பூச்சியம் என்றால் விளைவே இல்லை என்று பொருள்படும் அளவுகோலில், இலக்கணத்தைத் தனிப்பாடமாகக் கற்பித்ததன் விளைவு அதில் 0.32 அளவுக்கு எதிர்மறையாக இருந்தது. சிறு வாக்கியங்களை இணைத்து எழுதும் பயிற்சிக்கு 0.50 அளவுக்கு நேர்மறையான விளைவு கிடைத்தது. ஆங்கில எழுத்தைப் பற்றிய ஆய்வுகளாயினும், முற்றுப்பெறாத வினைகளான எச்சங்களால் வாக்கியத்தை நீட்டிச் செல்லும் தமிழுக்கு இந்தப் பயிற்சி இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

"மழை பெய்தது. நாங்கள் வெளியே போகவில்லை." என்னும் இரண்டு வாக்கியங்களைத் தந்து ஒன்றாக்கச் சொல்லுங்கள். "மழை பெய்ததால்" என்று வரலாம். "மழை பெய்தபோது" என்றும் வரலாம். "மழை பெய்தும் நாங்கள் வெளியே போகவில்லை" என்று எழுதினால் திருத்திவிடாமல், பொருள் எப்படி மாறியது என்று கேளுங்கள். மழையில் நனைய ஏங்கும் பிள்ளைக்கு அந்த வாக்கியமும் சரியே. அடுத்து, "பையன் விழுந்தான். பையன் அழுதான்." என்பதை "விழுந்த பையன் அழுதான்" என்றும் "பையன் விழுந்து அழுதான்" என்றும் மாற்றி எழுதிய பின்னர், முன்னதில் இருப்பது பெயரெச்சம், பின்னதில் இருப்பது வினையெச்சம் என்று பெயர் சொல்லுங்கள். அவன் ஏற்கெனவே செய்துவிட்ட ஒன்றுக்கு இடும் பெயர் என்பதால் அது மறக்காது.

திருத்தும் முறையையும் மாற்றிப் பாருங்கள். பக்கம் முழுவதும் சிவப்பு மையால் நிரப்பாமல், இந்த வாரம் ஒருமை பன்மை மட்டும், அடுத்த வாரம் லகர ளகர ழகரம் மட்டும் என ஒருவகைப் பிழையையே பார்க்கலாம். "இந்தப் பத்தியில் மூன்று இடங்களில் பன்மை தவறியிருக்கிறது, கண்டுபிடி" என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டால், தேடும் வேலை அவனுடையதாகிவிடும்.

கேள்வி: ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஒரே நூலை இருவருக்கும் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம். படிக்கும் பகுதி ஒன்றாக இருக்கட்டும், வேலை வேறாக இருக்கட்டும். இளையவர் பெயர்ச்சொற்களை எடுத்து எழுதும் நேரத்தில், மூத்தவர் அதே பகுதியை இறந்த காலத்திலிருந்து எதிர்காலத்துக்கு மாற்றி எழுதலாம்.

கேள்வி: தமிழ், ஆங்கிலம் இரண்டுக்கும் இலக்கணப் பாடத்திட்டத்தை ஒரே நேரத்தில் தொடங்கலாமா? ஆங்கிலத்துக்கு அமெரிக்க வீட்டுவழிக் கல்வி நூல்களைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள்.

பதில்: வீட்டில் தமிழ் பேசப்படுகிறது என்றால், எழுவாய், பயனிலை, காலம் போன்ற அடிப்படைகளைத் தமிழில் புரியவைத்த பிறகு ஆங்கிலத்துக்குப் போவது நல்லது. ஆனால் ஒன்றின் சட்டகத்தை மற்றொன்றின்மேல் ஏற்ற வேண்டாம். ஆங்கிலச் சொற்களை எட்டு வகையாகப் பிரிப்பது வழக்கம். தமிழில் பெயர், வினை, இடை, உரி என நான்கே. தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் அனைத்தையும் காட்டும். ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் எழுவாயே செய்கிறது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளுக்காக எழுதப்பட்ட நூல்களில் ஒரு சிக்கல் உண்டு. 'எ', 'தி' ஆகிய சொற்களை எங்கே இடுவது, 'இன்', 'ஆன்', 'அட்' ஆகியவற்றில் எதை எங்கே ஆள்வது என்பன அக்குழந்தைகளுக்குக் காதிலேயே பழகிவிடுவதால், நூல் அவற்றை விரைவாகக் கடந்துவிடும். நம் பிள்ளைகள் தடுமாறுவதோ அங்கேதான். ரீட், கெல்லாக் என்னும் அமெரிக்க ஆசிரியர்கள் இருவரும் 1877இல் பரப்பிய, வாக்கியத்தைக் கோடுகளாக வரைந்து உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் முறை இத்தகைய நூல்கள் சிலவற்றில் இன்றும் இடம்பெறுகிறது. புதிர் விரும்பும் பிள்ளைக்கு அது இனிக்கும். ஆனால் எழுத்துப் பயிற்சிக்கு அது ஈடாகாது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கென எழுதப்பட்ட நூலைத் தேடுவதே மேல்.

கேள்வி: நன்னூலை எந்த வயதில் தொடங்கலாம்?

பதில்: முழு நூலை அல்ல, தேவைப்படும் நூற்பாக்களை மட்டும், பதின்மூன்று வயதையொட்டித் தொடங்கலாம். கடல் என்பதும் அலை என்பதும் சேர்ந்து "கடலலை" ஆவதைப் பிள்ளை பல சொற்களில் கண்ட பிறகு, "உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே" என்ற அடியைக் காட்டினால், உடல் என்பது மெய்யெழுத்து, உயிர் என்பது உயிரெழுத்து என்று அவரே சொல்லிவிடக்கூடும். அப்படிச் சொல்லாவிட்டால் இன்னும் சில சொற்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நூற்பாவை விளக்க அவசரப்பட வேண்டாம்.