ஸ்வாப் ரிப்போர்ட்டில் 'எச்.எஸ்.ஐ.எல்.': உடனே லேசருக்கு ஓட வேண்டுமா?

கேள்வி: வயது 43. பத்து ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மாத்திரை எடுக்கிறேன், ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை. ஆசனவாய் ஸ்வாப் பரிசோதனையில் 'எச்.பி.வி. 16 பாசிட்டிவ், எச்.எஸ்.ஐ.எல்.' என்று வந்திருக்கிறது. மூல நோய்க்கு லேசர் செய்யும் இடத்தில், 'கேன்சர் ஆரம்பம், இந்த வாரமே எடுத்துவிடலாம்' என்கிறார்கள். முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். எச்.எஸ்.ஐ.எல். என்பது புற்றுநோய் அல்ல. செல்கள் புற்றுநோயின் பக்கம் திரும்பத் தொடங்கிய நிலை. அப்படித் திருப்பிவிடும் வைரஸ்தான் எச்.பி.வி.; 16 என்பது அதில் ஒரு வகை. சிகிச்சை தேவை, பதற்றம் தேவையில்லை. எச்.ஐ.வி.யும் எச்.எஸ்.ஐ.எல்.லும் உள்ள, 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நடந்த 'ஆங்கர்' ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. சிகிச்சை பெற்ற 2,227 பேரில் 9 பேருக்கும், கண்காணிப்பில் மட்டும் இருந்த 2,219 பேரில் 21 பேருக்கும் புற்றுநோய் வந்தது. பாதிப் பேர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கவனிக்கப்பட்டவர்கள். சிகிச்சையால் ஆபத்து 57 சதவீதம் குறைகிறது. சில வாரம் நிதானிப்பதால் குடி முழுகிவிடாது.

ஸ்வாப் 'செல் சரியில்லை' என்று மட்டும்தான் சொல்லும், எந்த இடம் என்று சொல்லாது. இடம் தெரியாமல் லேசரில் எதைச் சுடுவார்கள்? தசை வரை வெட்டிச் சுட்டால் வழி சுருங்கலாம், மலம் அடங்காமலும் போகலாம்.

உங்களுக்குத் தேவை உருப்பெருக்கி வைத்துச் செய்யும் ஆசனவாய்ப் பரிசோதனை. 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த துணியை ஓரிரு நிமிடம் உள்ளே வைத்து எடுத்துவிட்டு, கொல்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கிக் கருவியில் பார்ப்பார்கள். கோளாறான திட்டு வெளுக்கும். லுகால் அயோடின் தடவினால் நல்ல தோல் கரும்பழுப்பாகும். கெட்ட திட்டு சாயம் ஏறாமல் மஞ்சளாகவே நிற்கும். அங்கிருந்து பயாப்சிக்குச் சிறு சதைத் துணுக்கு எடுத்து உறுதி செய்த பிறகு, மரத்துப்போக ஊசி போட்டு, அந்தத் திட்டை மட்டும் மின்சூட்டில் கரிப்பார்கள். முன்பணம் கேட்டவரிடம் 'கொல்போஸ்கோப் இருக்கிறதா?' என்று கேட்டுப் பாருங்கள். பெருங்குடல் எண்டோஸ்கோப்பி இதற்கு மாற்றல்ல.

இதைக் கற்றவர்கள் குறைவு என்பது உண்மை. ஏ.ஆர்.டி. பிரிவு அறுவைப் பிரிவுக்கு அனுப்பும், அவர்கள் தோல் பிரிவைக் காட்டுவார்கள், பந்தாடப்படுவது நோயாளி. கருப்பைவாய்ப் பரிசோதனை செய்யும் மகளிர் மருத்துவரிடம் அதே கருவி இருக்கிறது, ஆனால் ஆண் என்றால் கதவு திறப்பதில்லை!

எச்.பி.வி. டெஸ்ட்டை மாதாமாதம் செய்யச் சொல்லும் லேப் பேக்கேஜையும் ஒதுக்குங்கள். எச்.ஐ.வி.யோடு ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது பாசிட்டிவ்தான் வரும். எச்.பி.வி. தடுப்பூசி ஏற்கெனவே உள்ள திட்டைக் கரைக்காது.

ஒரே ஒரு நிலைமையில் காத்திருக்கக் கூடாது. விரலுக்குக் கல் போலத் தட்டுப்படும் கட்டி, ஆறாத புண், விடாத வலி இருந்தால் உடனே பயாப்சி வேண்டும். ஸ்வாப் நார்மல் என்று வந்திருந்தாலும்தான். ஸ்வாப் மேற்பரப்பை உரசி வருவது. தோலுக்கு அடியில் வளர்வது அதில் சிக்காமல் போகலாம். அதற்கு மருத்துவர் கையுறை போட்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை, கருவியே வேண்டாம். அதையும் செய்யாமல் 'மூலம்' என்று களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பினால், வேறு மருத்துவரிடம் போங்கள்.

பரிசோதனைக்கு முந்தைய 24 மணி நேரம் எனிமாவும் ஆசனவாய் உறவும் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கரித்த பிறகு ஓரிரு வாரம் மலம் கழிக்கையில் எரியும், சிறிது ரத்தம் கசியும். திட்டு திரும்ப முளைப்பது சகஜம்; ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.