மினிமம் ட்யூவில் ஓடும் வீட்டு பில்கள்

கேள்வி: மதுரையில் தனியார் நிறுவனத்தில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 52,000 ரூபாய். கரன்ட் பில், இன்டர்நெட், மூன்று போன் ரீசார்ஜ், கேஸ், ஓடிடி, இன்சூரன்ஸ் எல்லாமே கிரெடிட் கார்டில்தான் போகிறது. மாதம் சராசரி 9,000. அதில் மச்சினன் வீட்டு கரன்ட் பில்லும் இன்டர்நெட்டும் 2,600 இருக்கும். அவர் அவ்வப்போது கையில் பணமாகக் கொடுத்துவிடுவார். போன ஜூனில் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் 48,000 கார்டில் கட்டியதிலிருந்து மினிமம் ட்யூ (குறைந்தபட்சத் தொகை) மட்டுமே கட்டி வருகிறேன். இப்போது பாக்கி 1,08,000. இஎம்ஐயாக மாற்றித் தருவதாக வங்கியிலிருந்து போன் வருகிறது. பில்களுக்கு 5 சதவீதம் கேஷ்பேக் தரும் இன்னொரு கார்டு வாங்கலாமா? வீட்டு பில்களைக் குறைக்க வழி சொல்லுங்கள். ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு 16 மாதம் கட்டியிருக்கிறேன், நான்கு மாதம் பாக்கி. அதை எடுத்து வண்டி வாங்க எண்ணம். சேமிப்புக் கணக்கில் 22,000 உண்டு.

பதில்: எல்இடி பல்பு மாட்டுங்கள், ஏசியை 26-இல் வையுங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டு பில்கள் ஊரில் எல்லோருக்கும் வருகிற பில்கள்தான். அவற்றைக் கட்டும் விதம்தான் உங்களை இழுக்கிறது.

மினிமம் ட்யூ கட்டினால் தாமதக் கட்டணம் வராது, சிபில் எனும் கடன் வரலாற்றில் தவணை தவறியதாக ஏறாது. அவ்வளவுதான் அதன் பயன். வட்டி நிற்காது. உங்கள் கார்டில் மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,08,000-க்கு 3,780 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 680. மொத்தம் சுமார் 4,460. மினிமமாக 5 சதவீதம், அதாவது 5,400 கட்டுகிறீர்கள். அசலில் குறைவது ஆயிரம்கூட இல்லை. அதே மாதம் 9,000-க்குப் புதிய பில்களை அதே கார்டில் ஏற்றுகிறீர்கள். 48,000 எப்படி ஏழெட்டு மாதத்தில் லட்சத்தைத் தாண்டியது என்பதற்கு வேறு கணக்கே தேவையில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பாக்கி முழுவதையும் கட்டாத வரை, 45 நாள், 50 நாள் வட்டியில்லாக் காலம் என்கிறார்களே, அது உங்களுக்குக் கிடையாது. நேற்று செய்த 299 ரூபாய் ரீசார்ஜுக்கும் நேற்றிலிருந்தே வட்டி ஓடுகிறது. வருடத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்து கேஸ் சிலிண்டர் வாங்குகிறீர்கள். மினிமம் மட்டும் கட்டினால் கடன் வருடக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையை ஸ்டேட்மென்ட்டிலேயே அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அச்சிடத்தான் செய்கிறார்கள். யார் படிக்கிறோம்?

அந்த கேஷ்பேக் கார்டு வேண்டவே வேண்டாம். 9,000-க்கு 5 சதவீதம் என்றால் 450 ரூபாய், அதுவும் உச்சவரம்பு வைக்காமல் கொடுத்தால். 4,460 போகிற ஓட்டையை 450-ஐ வைத்து அடைக்க முடியாது. போதாக்குறைக்கு, குறிப்பிட்ட தொகைக்கு மேல் கரன்ட், கேஸ் பில்களைக் கார்டில் கட்டினால் 1 சதவீதம் கட்டணம் என்று 2024 முதல் சில வங்கிகள் வசூலிக்கவும் ஆரம்பித்துவிட்டன.

முதல் வேலை, இன்றே எல்லா பில்களையும் கார்டிலிருந்து வங்கிக் கணக்குக்கு மாற்றுவது. கடனை அடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். ஓடிடி, இன்சூரன்ஸுக்கெல்லாம் ஆட்டோபே கொடுத்திருப்பீர்கள். 15,000 ரூபாய் வரை, இன்சூரன்ஸ் பிரீமியம் என்றால் ஒரு லட்சம் வரை, ஓடிபி கேட்காமலே பணம் போய்விடும், அதற்கு முந்தைய நாள் ஒரு எஸ்எம்எஸ் மட்டும் வரும். அதனால் வங்கியின் தளத்துக்குள் போய் ஒவ்வொன்றாக ரத்து செய்யுங்கள். செயலியை போனிலிருந்து நீக்கினால் ஆட்டோபே நிற்காது.

அடுத்து சீட்டு. வண்டி பிறகு. கடைசி மாதங்களில் ஏலத்தில் போட்டி இருக்காது. கமிஷனும், ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் கொஞ்சம் தள்ளும் போக 93,000 கைக்கு வரும் என்று நினைக்கிறேன். பாக்கித் தவணைகளுக்கு ஜாமீன் கேட்பார்கள், இப்போதே ஆள் பார்த்து வையுங்கள். குறையும் 15,000-ஐச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுங்கள். அங்கே 3 சதவீதம்கூடக் கிடைக்காத பணத்தை வைத்துக்கொண்டு இங்கே 40 சதவீதம் கொடுப்பதில் அர்த்தமில்லை. சீட்டு கைக்கு வர மாதங்கள் ஆகும் என்றால் மட்டும் வங்கியின் இஎம்ஐயை யோசிக்கலாம். வட்டி குறைவுதான். ஆனால் பிராசசிங் கட்டணம், வட்டிமேல் ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துக் கேளுங்கள், முன்கூட்டியே அடைத்தால் என்ன பிடிப்பார்கள் என்றும் கேளுங்கள்.

மச்சினன் விஷயம். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை, கொடுத்துவிடுகிறார். ஆனால் அவர் கையில் தரும் 2,600 கார்டுக்குப் போவதில்லை, அன்று சாயங்காலமே மளிகைக் கடைக்கும் பெட்ரோலுக்கும் போய்விடுகிறது. பில் மட்டும் வட்டியோடு உங்களிடம் நிற்கிறது. அவர் வீட்டு மின் இணைப்பு எண்ணை அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கார்டை அடைக்கிறேன் மாப்ளே, இந்த மாசத்துலேருந்து நீங்களே கட்டிடுங்க" என்று சொல்லிவிடுங்கள். இதில் பொய்யும் இல்லை, மனத்தாங்கலும் வராது. உங்கள் மனைவியிடம் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இனி மாதக் கணக்கு. கார்டுக்குப் போன 5,400 மிச்சமாகும். சொந்த பில்கள் 6,400. மச்சினன் கையில் தந்த 2,600-உம் இனி வராது. ஆக, மாதம் 3,600 ரூபாய் இழுத்துப் பிடிக்க வேண்டும். நான்கு மாதத்துக்குப் பிறகு சீட்டுக்குக் கட்டிய 5,000-மும் விடுபடும். அந்த 5,000-த்தை அப்படியே ஒரு தனிக் கணக்கில் போடுங்கள். ஸ்கூல் ஃபீஸ், ஆறு மாதத்துக்கொரு சொத்து வரி, இன்சூரன்ஸ் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். உங்களைக் கார்டில் தள்ளியதே இந்த மாதிரி மொத்தமாக வரும் பில்தான். சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரல், அக்டோபருக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. வரும் ஜூன் ஃபீஸுக்கு இந்தக் கணக்கில் பாதிகூடச் சேராது. டெர்ம் டெர்மாகக் கட்டுகிறேன் என்று பள்ளியில் இப்போதே எழுதிக் கொடுங்கள்.

நீங்கள் கேட்டதற்காக ஒன்று. கடிதத்தோடு அனுப்பிய கரன்ட் பில்லில் இரண்டு மாதத்துக்கு 570 யூனிட், 2,700 ரூபாய் என்று இருக்கிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் கடைசி யூனிட்டுகளுக்கு விலை ஏறுவதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான மானியமும் போய்விடும். அந்த 70 யூனிட்டுக்காக 800 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டியிருக்கிறீர்கள். 45-ஆவது நாள் மீட்டரை ஒருமுறை பாருங்கள், போதும்.

கார்டு பாக்கியை முழுதாகக் கட்டிய பிறகும் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் ஒரு சிறு வட்டி வரும். கட்டிய தேதி வரைக்குமான வட்டி அது. திகைக்காமல் கட்டிவிடுங்கள். அதற்கடுத்த ஸ்டேட்மென்ட் பூஜ்ஜியம் என்று வந்ததும், கிரெடிட் லிமிட்டை 30,000-ஆகக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு மெயில் அனுப்புங்கள்.